பாக்கெட் எந்தப் பக்கம்

இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள வேண்டுமென்றால் நீட்டிக்கொள்ளுங்கள், என் கதைக்கு யாரும் விறைப்பாக உட்கார வேண்டியதில்லை. இரண்டு ஓரகத்திகள், இரண்டு படிக்கட்டுகள், ஒரு பழைய படம். இவ்வளவுதான் கதை. இதில் யாரும் சாக மாட்டார்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிம்மதியாகக் கேட்கலாம்.

ஒரு சந்து. அதில் எதிரும் புதிருமாக இரண்டு மாடி வீடுகள். ஒரு மனிதர் தன் இரண்டு பிள்ளைகளுக்காகக் கட்டியவை. நாளைக்கு ஒருத்தன் வீட்டில் ஒரு செங்கல் கூடுதல் என்று இன்னொருத்தன் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக, நூல் பிடித்த மாதிரி ஒரே அளவில் கட்டினார். அதே கதவு, அதே ஜன்னல். மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளியே, முன் சுவரை ஒட்டி. இரண்டு படிக்கட்டுகளும் சந்தின் முனைப் பக்கம் தொடங்கி உள்பக்கமாக ஏறும். அதனால் சந்தில் நின்று மூத்தவர் வீட்டைப் பார்த்தால் படி இடமிருந்து வலமாக ஏறும். அப்படியே திரும்பி இளையவர் வீட்டைப் பார்த்தால் வலமிருந்து இடமாக ஏறும். ஒரு வீடு கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சந்தில் நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு படம் பிடித்தார்கள். படத்தின் பேர் எதற்கு, உங்களுக்குப் பிடித்த ஒரு பழைய படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சந்தில் எடுத்தது ஒரே ஒரு காட்சி, இரண்டு நிமிஷம்கூட வராது. கதாநாயகி மாடியிலிருந்து கோபமாக இறங்கி வருகிறாள். கீழே கதாநாயகன் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். கீழிருந்து ஏழாவது படியில் அவள் நின்று, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்துவிடுகிறாள். ஒரு வசனம் கிடையாது. அந்தச் சிரிப்பில் ஊர் மொத்தமும் கவிழ்ந்தது.

அந்த வருஷம் கல்யாணம் ஆன ஜோடிகள் எல்லாம் எங்காவது ஒரு படியைத் தேடிப் பிடித்து, பெண் மேலே, மாப்பிள்ளை கீழே என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். படி இல்லாத ஸ்டுடியோக்காரர்கள் மரப்பெட்டிகளை அடுக்கி, மேலே துணியைப் போர்த்திப் படி செய்தார்கள். பெண்டாட்டி கோபித்துக்கொண்டால் "ஏழாம் படியில உட்காந்துட்டா" என்று சொல்வது பேச்சில் கலந்துவிட்டது. படத்தின் வாசனையே தெரியாத பிள்ளைகள்கூட இன்றைக்கும் அப்படிச் சொல்கின்றன. அவள் போட்டிருந்த கவுனின் கை, தோளிலிருந்து முழங்கை வரை மூன்று அடுக்காகச் சுருக்கு வைத்து இறங்கும். அதற்குப் படிக்கட்டுக் கை என்று பேர் வந்தது.

மூத்தவரைக் கட்டிக்கொண்டு வந்தவள் பெண்களுக்குத் தைக்கும் தையல்காரி. வீட்டுப் படிக்குக் கீழே இருந்த இடத்தில் மிஷினைப் போட்டாள். துணி போட்டுப் பார்க்க ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, மூலையில் சின்ன டிவி ஒன்று. டிவியில் அந்தக் காட்சி ஓடிக்கொண்டே இருக்கும். படியில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள எங்கெங்கிருந்தோ வருகிற பெண்கள், அந்தப் படிக்குக் கீழேயே படிக்கட்டுக் கை வைத்த உடுப்புக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். வேறு எந்தக் கடையில் தைத்தாலும் அது வெறும் சுருக்குக் கைதான் என்பது அவர்கள் எண்ணம். இருபத்தைந்து வருஷமாக அவளுடைய பிழைப்பு அந்த மூன்று அடுக்குச் சுருக்கில் ஓடியது.

அவள் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்பவர். மதியத்தோடு வேலை முடிந்துவிடும். பிறகு வருகிறவர்களுக்குக் கதை சொல்வார்.

"எனக்கு அப்ப ஆறு வயசு. இதோ, இந்த மூணாவது படியில உட்காந்து, ஷூட்டிங் முழுக்கப் பார்த்தேன். அந்தம்மா போகும்போது என் தலையைக் கோதிட்டுப் போனாங்க. ஒரு வாரம் நான் தலை குளிக்கவே இல்லை."

எதிர் வீட்டு இளைய மருமகள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் நாலு மணி வரை தூங்க வேண்டும். எங்கே தூங்குவது? அவள் புருஷன் தொலைதூரப் பேருந்து ஓட்டுகிறவர், பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அதனால் அவளுடைய எரிச்சல் எல்லாம் சந்தைத் தாண்டி ஓரகத்திக்குத்தான் போகும்.

"அக்கா, உங்க கதாநாயகி இன்னிக்கு எத்தனை தடவை உட்காந்தா?"

"பதினோரு தடவை."

"அவளுக்கு மூட்டு வலிக்கலையா? எனக்குத் தலை வலிக்குது."

"ஆஸ்பத்திரியில வேலை பாக்குற, காதுல வெச்சுக்கக் கொஞ்சம் பஞ்சு கிடைக்கலையா?"

"பஞ்செல்லாம் உங்க ரசிகர் கூட்டத்துக்குத் தாங்காதுக்கா. சிமெண்ட்டுதான் வெச்சுப் பூசணும்."

சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். சாயங்காலம் அவளே தன் வெள்ளைச் சட்டையைக் கொண்டு வந்து "அக்கா, இந்தத் தையல் விட்டுப்போச்சு" என்று நீட்டுவாள். இவள் பல்லில் நூலைக் கடித்தபடி வாங்கிக்கொள்வாள். அவர்கள் பழக்கம் அப்படி.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது, சந்தின் கோடியில் இருந்த பெரியவர் ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆம்புலன்ஸ் சந்துக்குள் நுழைய முடியவில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், நான்தான் சொன்னேனே. ஆனால் நர்ஸ் அன்றைக்கே உட்கார்ந்து நகராட்சிக்கு மனு எழுதினாள். சந்தை அகலப்படுத்த வேண்டும் என்று சந்துக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினாள். முதல் கையெழுத்து தையல்காரியுடையது.

நகராட்சி ஆட்கள் வந்து அளந்தார்கள். நாலு அடி வேண்டும். இரண்டு படிக்கட்டுகளில் ஏதாவது ஒன்று போனால் போதும். எது என்று யோசிக்கும்போது, பக்கத்து மேசையிலிருந்து ஒரு சேதி வந்தது. பழைய படங்கள் எடுத்த இடங்களுக்கு நகராட்சி ஒரு பட்டியல் போடுகிறது, அதில் ஏறுகிற இடத்தை இடிக்கக் கூடாது, மூத்தவர் வீட்டுப் படி அந்தப் பட்டியலுக்கு வருகிறது. ஆகவே இளையவர் வீட்டுப் படியை எடுத்துவிடலாம் என்று நர்ஸுக்குக் கடிதம் வந்தது.

நர்ஸ் அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள்.

"தன் வீட்டுப் படியை இடிக்கச் சொல்லித் தானே மனு எழுதினவ உலகத்துலயே நான் ஒருத்திதான்க்கா," என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் விஷயம் சிரிப்பானது இல்லை. வெளிப்படி போனால் வீட்டுக்குள் படி கட்ட வேண்டும். அது கீழே இருக்கும் முன் அறையை விழுங்கிவிடும். அந்த அறையில்தான் அவள் சாயங்காலங்களில் சந்துக்காரர்களுக்கு ஊசி போடுவாள், கட்டு மாற்றுவாள், முட்டியைத் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளைகளுக்கு மருந்து வைப்பாள். அந்தப் பக்கம் தையல்காரிக்கும் அப்படித்தான். படி போனால் படிக்கு அடியில் இருக்கும் கடை போகும்.

நகராட்சியிலிருந்து பட்டியல் போடும் பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும், தோளில் பெரிய பை. சந்தே அவளுக்குப் பட்டியல்காரி என்று பேர் வைத்துவிட்டது. வந்ததும் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு மூத்தவர் வீட்டு ஏழாவது படியில் ஒரு தடவை உட்கார்ந்து, முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தாள். தையல்காரி பார்த்துவிட்டாள்.

"இன்னொரு தடவை உட்காருங்கம்மா. முதல் தடவை யாருக்கும் சரியா வராது," என்றாள்.

பட்டியல்காரி வெட்கப்பட்டுக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

"பெருசா ஒண்ணும் இல்லம்மா. காட்சி எடுத்தது இங்கதான்னு வீட்டுக்காரங்க ஒரு வாக்குமூலம் குடுக்கணும். நானே டைப் பண்ணிட்டு நாளைக்குப் பதினோரு மணிக்கு வரேன். நீங்க கையெழுத்துப் போட்டா போதும். அதுக்குள்ள இதை ஒரு தடவை பாத்துக்கங்க. பழைய பிரதியை அப்படியே கழுவித் துடைச்சு எடுத்திருக்காங்க."

ஒரு பென் டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அன்று மதியம் தையல்காரி அதை டிவியில் போட்டாள். இத்தனை வருஷமாகக் கடையில் ஓடியது மழை பெய்கிற மாதிரி கோடு விழுந்த பிரதி, யார் முகமும் அரைகுறையாகத்தான் தெரியும். இது பளிச்சென்று இருந்தது. கதாநாயகி காதில் இருக்கும் கல்கூடத் தெரிந்தது. சுருக்கின் மடிப்பை எண்ணிப் பார்க்கலாமே என்று தையல்காரி படத்தை நிறுத்தினாள். எண்ணினாள். முதல் அடுக்கில் பன்னிரண்டு மடிப்பு. இவள் இத்தனை காலம் பத்துதான் வைத்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு குறைச்சுட்டேனே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினாள்.

கதாநாயகன் நின்றுகொண்டிருந்தான். அவனை அவள் அதுவரை பார்த்ததே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அந்தக் காட்சியில் அவனை யார் பார்த்தார்கள்? அவளோ பெண்களுக்கு மட்டும் தைக்கிறவள், ஆண்கள் சட்டை அவள் மிஷினில் ஏறியதே இல்லை. இப்போது பார்த்தாள். பேனா செருகிய சட்டைப் பாக்கெட் நெஞ்சின் வலது பக்கம் இருந்தது. பொத்தான் இடது பக்கம், காஜா வலது பக்கம், பெண்கள் சட்டையில் இருப்பது போல.

முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. இவன் அக்காள் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான் போலிருக்கிறது என்று நினைத்தாள். பிறகு படத்தை ஓட்டி வேறொரு காட்சியில் பார்த்தாள். அதே சட்டை, அதே பேனா. பாக்கெட் இடது பக்கம், எல்லா ஆண்களுக்கும் இருப்பது போல. மறுபடியும் படிக்கட்டுக் காட்சிக்கு வந்தாள். வலது பக்கம்.

கையில் இருந்த ஊசியை, ஊசி குத்திவைக்கும் சின்னத் தலையணையில் குத்திவிட்டு எழுந்தாள். டிவிக்கு முதுகைக் காட்டி நின்று, எதிரில் இருந்த ஆள் உயரக் கண்ணாடியில் டிவியைப் பார்த்தாள். கண்ணாடிக்குள் கதாநாயகனின் பாக்கெட் சரியான பக்கத்துக்கு வந்துவிட்டது. பொத்தானும் சரியாகிவிட்டது. படிக்கட்டு மட்டும் வலமிருந்து இடமாக ஏறியது.

அவள் கழுத்தைத் திருப்பி வாசல் வழியாக எதிர் வீட்டைப் பார்த்தாள். நர்ஸின் படிக்கட்டு வலமிருந்து இடமாக ஏறிக்கொண்டு நின்றது, அதில் ஒரு துவாலை காய்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்காரர் வந்ததும் அவரை உட்கார வைத்தாள்.

"ஏங்க, ஷூட்டிங் நடந்தப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

"எத்தனை தடவை சொல்றது? மூணாவது படியில."

"எந்த வீட்டு மூணாவது படி?"

"நம்ம வீட்டுதுதான்."

"உங்களைப் படத்துல காணோமே."

"என்னை எதுக்குக் காட்டப் போறாங்க? நான் என்ன கதாநாயகனா?"

"அதில்லங்க. அவ ஏழாவது படியில உட்காந்திருக்கா. நீங்க அதே படிக்கட்டுல மூணாவது படியில உட்காந்திருக்கீங்க. அப்ப நீங்களும் தெரியணுமா இல்லையா?"

அவர் தன் மூன்றாவது படியை எட்டிப் பார்த்தார்.

"எனக்கு முன்னாடி காமிராக்காரர் நின்னார். அவரு முதுகுதான் எனக்குத் தெரிஞ்சுது. எட்டி எட்டிப் பார்த்தேன்."

"அப்ப அவ காமிராவுக்கு அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா..."

அவள் சட்டைப் பாக்கெட் பக்கம் மாறியிருப்பதையும் சொன்னாள். இரண்டு பேரும் ஒன்றாக எதிர் வீட்டைப் பார்த்தார்கள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நாற்பத்தாறு வருஷமாகச் சொல்லிவந்த கதை அவர் கையிலேயே உடைந்துவிட்டது, பாவம்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத," என்றார். "ஊரே நம்புது. நகராட்சியே நம்புது. நீ ஒருத்திதான் பாக்கெட்டைப் பார்த்தவ. நாம யாருமே இதுல பொய் சொல்லலை."

"இன்னிக்கு வரைக்கும் சொல்லலை."

"நாளைக்கும் ஒண்ணும் சொல்ல வேண்டாமே. கையெழுத்துதானே?"

"எதுக்குக் கீழன்னு பாத்துதானே போடணும்."

"உன் கடை போயிடும். அதை யோசிச்சியா?"

அவள் யோசித்தாள். அதைத் தவிர வேறெதையும் யோசிக்க முடியவில்லை. மத்தியானம் பூரா யோசித்ததில் ஒரு கவுனுக்கு இரண்டு கையையும் இடது கையாகவே தைத்துவிட்டாள்.

சாயங்காலம் எதிர் வீட்டுக்குப் போனாள். சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். நர்ஸ் முன் அறையில் அளவு நாடாவை விரித்துக்கொண்டு குனிந்து நின்றாள்.

"வாங்கக்கா. அந்த முக்காலியில மட்டும் உட்காராதீங்க. பழக்க தோஷத்துல உங்களுக்கும் ஊசி போட்டுடுவேன்."

"என்ன அளக்குற?"

"படி உள்ள வந்தா மிச்சம் எவ்வளவுன்னு பாக்குறேன். ஒரு அலமாரி வைக்கலாம். ஆள் நிக்க முடியாது." நாடாவைச் சுருட்டினாள். "காலுல புண்ணோட வர்றவங்களை மாடிக்கா ஏறி வரச் சொல்றது? வாசல்லயே நாற்காலி போட்டுப் பாக்க வேண்டியதுதான்."

"எம்மேல வருத்தமா உனக்கு?"

"உங்க மேல என்னக்கா வருத்தம், நீங்களா கடப்பாரையைத் தூக்கிட்டு வர்றீங்க?" நர்ஸ் சிரித்தாள். "ரெண்டுல ஒண்ணாவது நிக்குதே. கடை இல்லாம உங்களை என்னால நினைச்சுப் பாக்கவே முடியலை. உங்க மிஷின் சத்தம் கேட்டாத்தான் எனக்குப் பகல்ல தூக்கமே வரும். அந்தப் போட்டோக்காரங்களைத்தான் திட்டியிருக்கேன், மிஷினை என்னிக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?"

இப்படிப் பேசுகிறவளிடம் எதைச் சொல்வது? தையல்காரி தண்ணீர் கேட்டாள். இரண்டு தம்ளர் குடித்தாள். எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் பதினோரு மணிக்குப் பட்டியல்காரி வந்தாள். வீட்டுக்காரர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, மனைவி பக்கத்திலேயே நின்றார். எதிர் வீட்டில் நர்ஸ் இரவு வேலை முடிந்து வந்தும் படுக்காமல், தன் படிக்கட்டின் உச்சியில் தேநீர்க் கோப்பையோடு நின்று வேடிக்கை பார்த்தாள்.

பட்டியல்காரி காகிதத்தையும் பேனாவையும் நீட்டினாள். தையல்காரி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். மேற்படி காட்சி எங்கள் வீட்டுப் படிக்கட்டில் எடுக்கப்பட்டது என்று இருந்தது. பேனாவின் மூடியைத் திறந்தாள். வீட்டுக்காரர் மூச்சை விட்டார். அவள் மூடியை மறுபடியும் மூடினாள்.

"இதுல ஒரு திருத்தம் இருக்கும்மா."

"பேர்ல ஏதாவது தப்பா?"

"பேரெல்லாம் சரியா இருக்கு. வீடுதான் தப்பு."

பட்டியல்காரிக்குப் புரியவில்லை. தையல்காரி அவளைக் கடைக்குள் கூட்டிப்போய், டிவிக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார வைத்தாள்.

"திரும்பாதீங்க. கண்ணாடியில மட்டும் பாருங்க. அந்தப் பையனோட சட்டைப் பாக்கெட்டைப் பாருங்க. அப்புறம் படியைப் பாருங்க. அப்புறம் வெளியே போய் எந்த வீட்டைப் பாக்கணும்னு உங்களுக்கே தோணுதோ அதைப் பாருங்க."

பட்டியல்காரி பார்த்தாள். வெளியே ஓடினாள். உள்ளே வந்தாள். மறுபடியும் கண்ணாடி, மறுபடியும் சந்து. நாலாவது தடவை வந்தபோது தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பிலிமைத் திருப்பிப் போட்டிருக்காங்க," என்றாள். "அடுத்த காட்சியில அவ பாக்குற திசையும் இதுவும் ஒட்டலைன்னா அப்படிச் செய்யறது உண்டு. இந்தக் காட்சியில ஒரு போர்டு கிடையாது, எழுத்து கிடையாது. யார் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு விட்டிருக்காங்க." பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "அம்மா, இதை நான் எழுதினா உங்க படி போயிடும். தெரியுமில்ல?"

"தெரியும்."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அது எனக்குத் தெரிஞ்சுபோச்சே, என்ன பண்றது?" என்றாள் தையல்காரி. "எதிர் வீட்டுல தெனமும் அவ மூஞ்சியைப் பாக்கணும். அவ என்கிட்ட சட்டையைக் கொண்டு வந்து குடுப்பா, நான் தெச்சுத் தரணும். என் கைக்கு அப்புறம் தையல் நேராப் போகாதும்மா."

சந்தில் நடக்கும் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நர்ஸ் இறங்கி வந்தாள். வீட்டுக்காரர்தான் அவளிடம் சொன்னார். தொண்டையைச் செருமிச் செருமி, காமிராக்காரர் முதுகிலிருந்து தொடங்கி, ஒருவழியாகச் சொல்லி முடித்தார்.

நர்ஸ் சந்தின் முனையை ஒரு தடவை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப அந்தக் கூட்டம் பூரா இனிமே என் வீட்டுக்கா வரும், மாமா?"

"வரும்தான்."

"ஐயோ, வேண்டாம். நீங்க முன்னாடி எழுதினதையே வெச்சுக்கங்க. என் படியையே இடிச்சுடுங்க."

"அதெப்படி? உன் ஊசி ரூம் என்ன ஆறது?" என்றாள் தையல்காரி.

"உங்க கடை என்ன ஆறது?"

"என் கடையைப் பத்தி நீ பேசாத."

"என் ரூமைப் பத்தி நீங்க மட்டும் பேசலாமா?"

இரண்டு பேரும் தங்கள் படியைத்தான் இடிக்க வேண்டும் என்று அப்படிச் சண்டை போட்டார்கள். பட்டியல்காரி இந்த வேலைக்கு வந்த நாளாக எத்தனையோ வீட்டுத் தகராறு பார்த்தவள்; இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. கடைசியில் அவள்தான் எழுந்தாள்.

"ரெண்டு பேரும் சொல்றது இருக்கட்டும். எது நடந்ததோ அதுதான் பட்டியல்ல ஏறும். வீட்டுக்காரங்க கையெழுத்து மட்டும் மாறும்." காகிதத்தில் ஒரு வரியை அடித்து, எதிர் வீட்டு எண்ணை எழுதி, நர்ஸிடம் நீட்டினாள்.

நர்ஸ் பேனாவை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டாள்.

"போடறேன். ஆனா ஒண்ணு. நான் பகல்ல தூங்குறவ, என்னால இந்தக் கூட்டத்தை மேய்க்க முடியாது. அதுக்கு ஆள் வேணும். என் படிக்கு அடியில உடைஞ்ச சைக்கிளும் பழைய கட்டிலும்தான் கிடக்கு. அதைத் தூக்கிப் போட்டுடறேன். அக்கா மிஷினைக் கொண்டு வந்து அங்க போடட்டும். அவங்க வந்தாத்தான் கையெழுத்து."

தையல்காரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அதில் அழுக்கு ஒன்றும் இல்லை.

"உன் வீட்டுலயா?"

"மாமனார் ஒரே அளவுலதானே கட்டினார்? எல்லாம் அச்சா உட்காரும். அப்புறம், போட்டோவுக்கு வர்றவங்க நாலு மணிக்கு மேலதான் வரணும். அதுக்கு முன்னாடி யாராவது உட்காந்தா உங்களுக்குத்தான் ஊசி."

இப்படித்தான் முடிந்தது. அடுத்த வாரம் மூத்தவர் வீட்டுப் படியை இடித்தார்கள். வீட்டுக்காரர் மூன்றாவது படியில் உட்கார்ந்து கடைசியாக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். வீட்டுக்குள் கட்டிய புதுப் படி அவருடைய சாய்வு நாற்காலி இருந்த இடத்தை எடுத்துக்கொண்டதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல். ஆனால் அவர் கதைக்கு ஒரு குறையும் வரவில்லை. "காமிராவுக்கு அடுத்து உட்காந்து பார்த்தவன் நான். டைரக்டர்கூட எனக்குப் பின்னாலதான் நின்னார்," என்று இப்போது சொல்கிறார்.

தையல்காரியின் மிஷின் எதிர் வீட்டுப் படிக்கு அடியில் அச்சாக உட்கார்ந்தது. ஒரே ஒரு சங்கடம். எல்லாம் பக்கம் மாறிவிட்டதால், கத்தரிக்கோலுக்குக் கையை நீட்டினால் சுவர் தட்டுப்படும். வெளிச்சம் இடது கைப்பக்கம் வரும். இரண்டு வாரம் தடுமாறினாள். அப்புறம் பழகிவிட்டது. முதல் அடுக்கில் இப்போது பன்னிரண்டு மடிப்பு வைக்கிறாள்.

ஆம்புலன்ஸ் ஒரு தடவை உள்ளே வந்து, சந்துக்கோடிப் பெரியவரை ஏற்றிக்கொண்டு, எங்கும் முட்டாமல் வெளியே போனது. நாலாம் நாள் அவர் நடந்தே வீடு வந்தார். நாற்காலியில் தூக்கிப் போனதுதான் ஜோராக இருந்தது என்று புகார் சொன்னார்.

புதிதாக வருகிறவர்கள் சரியான படியில் உட்கார்ந்து, சரியான பக்கம் முகத்தைத் திருப்பப் பழகிக்கொண்டார்கள். பழைய ரசிகர்கள்தான் மல்லுக்கு நின்றார்கள். ஒருநாள் நாலரை மணிக்கு வயதான ஜோடி ஒன்று வந்தது. அந்த அம்மாள் கையில், பழைய படியில் எடுத்த, மஞ்சள் பூத்த கல்யாணப் போட்டோ. மூத்தவர் வீட்டில் முன்பு படி இருந்த வெற்றுச் சுவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, தன் வீட்டுக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

தையல்காரி ஓடிவந்தாள். "அம்மா, அங்க இல்லம்மா. இந்த வீடுதான். அந்தப் படத்துல திருப்பிப் போட்டுட்டாங்க. வாங்க, நான் காட்டறேன்."

அந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். எதிர் வீட்டுப் படியையும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

"இருக்கட்டும்மா. அவங்க எங்க வேணா உட்காந்து சிரிச்சிருக்கட்டும். நான் இங்கதான் சிரிச்சேன்."

தையல்காரி உள்ளே போய், ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் உட்காரும் முக்காலியைத் தூக்கி வந்து, சுவரை ஒட்டிப் போட்டாள். அந்த அம்மாளைக் கையைப் பிடித்து அதில் உட்கார வைத்து, காமிராவைத் தானே வாங்கிக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா, எழுந்து கைகாலை உதறிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு வாசலில் எப்போதும் நாலு ஜோடிச் செருப்பு கூடுதலாகக் கிடக்கட்டும். அடுப்பில் வைத்தது அடிப்பிடிக்காமல் இருக்கட்டும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் விடிவதற்குள் இறங்கட்டும், காலையில் முறைத்துக்கொண்டவர்கள் சாப்பாட்டு நேரத்துக்குள் பேசிவிடட்டும். எதிர் வீட்டில் இருப்பவர்கள் உங்களுக்கு நல்லவர்களாக வாய்க்கட்டும், நீங்களும் அவர்களுக்கு அப்படியே வாய்த்து, எல்லாரும் சுகமாக இருங்கள்.